எண்ணெய்க் கசிவைக் கையால் தேடாதீர்!



உடல்நலப் பகுதியில் டிராக்டருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

இன்று பல செம்பனைத் தோட்டங்களில் குலை ஏற்றும் வேலையை மினி டிராக்டர் செய்கிறது. கிராப்பர் கை குலையைக் கவ்வித் தூக்குகிறது. பின்னால் உள்ள டிரெய்லர் பெட்டி உயர்ந்து பழத்தைக் கொட்டுகிறது. இரண்டையும் அசைப்பது ஹைட்ராலிக் எண்ணெய்தான். அந்த எண்ணெய் எங்கேயோ ஒழுகுகிறது என்று தெரிந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? இஞ்சினை ஓடவிட்டு, குனிந்து, ரப்பர் குழாய் நெடுகிலும் கையை விட்டுத் தடவுகிறோம். "எங்க ஈரமா இருக்குனு பாத்துட்டா போச்சு, இதுக்கு ஏன் பட்டறைக்குப் போவணும்?" என்று பேச்சு வேறு.

அப்படித் தடவும் விரல் போய்விடலாம். சில வேளை கையே போய்விடலாம். ஆகவே கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது, கையில் எண்ணெய் பாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற இரண்டையும் இந்த முறை பாடமாகப் பார்ப்போம். டிரைவர்கள் மட்டுமல்லாமல் வீட்டில் இருப்பவர்களும் படிக்க வேண்டிய பாடம் இது.

எண்ணெய்க்கு எவ்வளவு வேகம்?

டிராக்டரில் ஒரு பம்ப் இருக்கிறது. இஞ்சின் ஓடும்போது அது எண்ணெயை இழுத்து, வால்வு வழியாக, தடித்த ரப்பர் குழாய்களில் தள்ளுகிறது. நீங்கள் கைப்பிடியை அசைத்தால் அந்த எண்ணெய் சிலிண்டருக்குள் போய் உள்ளிருக்கும் தண்டை வெளியே தள்ளும். உடனே கிராப்பர் தூக்கும், பெட்டி உயரும். வேலை முடிந்த எண்ணெய் திரும்பவும் தொட்டிக்கு வந்துவிடும். மினி டிராக்டர்களில் பெரும்பாலும் இதற்கென்று தனித் தொட்டி கிடையாது. பின்பக்கத்து கியர்ப் பெட்டியில் உள்ள எண்ணெய்தான் ஹைட்ராலிக்குக்கும் போகிறது. எண்ணெய் ஒழுகித் தீர்ந்தால் கிராப்பரோடு கியரும் சேர்ந்து கெடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது அழுத்தத்தைப் பாருங்கள். கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று, ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 பவுண்டு. மினி டிராக்டரின் ஹைட்ராலிக் குழாயில் இருப்பது 2,000 முதல் 2,500 பவுண்டு வரை. மனிதத் தோலைத் துளைக்க 100 பவுண்டு இருந்தால் போதும் என்பது மருத்துவர்களின் கணக்கு. குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் எண்ணெய் அதன் வழியே ஊசிபோல் பீறிடும். சில வேளை புகைபோல மெல்லியதாக இருக்கும். வெயிலில் கண்ணுக்கே தெரியாது. கையுறை போட்டிருந்தாலும் அது கையுறையையும் தோலையும் சேர்த்தே துளைத்துவிடும்.

காயம் சிறிது, கேடு பெரிது

இந்தக் காயத்தின் பெரிய சூழ்ச்சி, அது முதலில் வலிக்காது என்பதுதான். எறும்பு கடித்ததுபோல் இருக்கும், அல்லது விரல் மரத்துப்போனதுபோல் இருக்கும். பார்த்தால் முள் குத்திய அளவுக்கு ஒரு புள்ளி. ரத்தமும் அதிகம் வராது. "ஒண்ணுமில்ல, முள்ளு குத்திருக்கு" என்று துடைத்துவிட்டு மனிதர் வேலையைத் தொடர்வார்.

ஆனால் உள்ளே எண்ணெய் போய்விட்டது. விரலை மடக்கும் நரம்புகளைச் சுற்றி உறை இருக்கிறது அல்லவா, அந்த உறை வழியே எண்ணெய் உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஓடிவிடும். சில மணி நேரத்தில் விரல் வீங்கும், விண்விண்ணென்று தெறிக்கும். உள்ளே அழுத்தம் ஏறுவதால் ரத்த ஓட்டம் குறையும். விரல் வெளுக்கும் அல்லது நீலம் பாயும். எண்ணெயின் ரசாயனம் சதையைப் புண்ணாக்கும். கிருமியும் சேர்ந்துகொண்டால் சதை அழுகத் தொடங்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. டீசல் இஞ்சினிலிருந்து பீறிட்ட எண்ணெய் சதைக்குள் பாய்ந்த கதையை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு மருத்துவர் 1937-ஆம் ஆண்டிலேயே எழுதினார். 2006-இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வு, கையில் இப்படிப் பெயிண்ட், கிரீஸ், எண்ணெய் முதலியவை பாய்ந்த 435 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. நூற்றுக்கு 30 பேருக்கு விரலையோ கையின் ஒரு பகுதியையோ வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பெயிண்ட், தின்னர் போன்றவைதாம் மிகவும் மோசம். ஹைட்ராலிக் எண்ணெய் பாய்ந்தவருக்கு விரலைக் காப்பாற்றும் வாய்ப்பு அதைவிட அதிகம். ஆனால் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் அந்த வாய்ப்பு.

இப்படி அடிபடுவது பெரும்பாலும் எந்த விரல் தெரியுமா? வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கை ஆள்காட்டி விரல். வலது கை ஸ்பேனரைப் பிடித்திருக்கும், இடது கை ஓட்டையைத் தேடிப் போகும்.

கசிவைத் தேடும் முறை

கசிவைக் கண்டுபிடிக்க அவசரம் உதவாது. வரிசையாகப் போனால் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஒன்று: வண்டியை அடக்குங்கள். சமதரையில் நிறுத்துங்கள். கிராப்பரைத் தரைக்கு இறக்குங்கள். டிரெய்லர் பெட்டியையும் இறக்குங்கள். கை பிரேக் போட்டு, இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிறகு ஹைட்ராலிக் கைப்பிடிகளை முன்னும் பின்னும் நாலைந்து முறை அசையுங்கள். இஞ்சின் நின்ற பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். இப்படி அசைத்தால்தான் அது இறங்கும். எண்ணெய் சூடாக இருக்கும், ஆறவிடுங்கள்.

இரண்டு: ஒழுகுவது எது என்று பாருங்கள். டிராக்டருக்கு அடியில் இருக்கும் சொட்டெல்லாம் ஹைட்ராலிக் எண்ணெய் ஆகாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். தேன் நிறத்தில் இருந்தால் ஹைட்ராலிக் அல்லது கியர் எண்ணெய். கறுப்பாக இருந்தால் இஞ்சின் எண்ணெய். தண்ணீர்போல் மெலிதாக, டீசல் வாடை அடித்தால் டீசல். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீராக இருந்தால் ரேடியேட்டர்.

மூன்று: அளவுக் கம்பியைப் பாருங்கள். எண்ணெய் குறைந்திருக்கிறதா? பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நுரை கட்டியிருந்தால் காற்று புகுந்திருக்கிறது. போன வாரம் எவ்வளவு ஊற்றினோம், இந்த வாரம் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வெறும் ஈரமா, உண்மையான ஒழுகலா என்பதை அந்த நோட்டு சொல்லும்.

நான்கு: கழுவுங்கள். இது முக்கியம். புழுதியும் பழைய எண்ணெயும் செம்பனை நாரும் சேர்ந்து அப்பிக் கிடக்கும்போது எந்த இடம் என்று யாராலும் சொல்ல முடியாது. சோப்புத் தண்ணீரும் துணியும் கொண்டு குழாய், இணைப்பு, வால்வு, சிலிண்டர் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிடுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கழுவ வேண்டாம், தீப்பிடிக்கும். காய்ந்த பிறகு சந்தேகமான இடத்தில் முகப்பவுடரைத் தூவுங்கள். எண்ணெய் வந்தால் அந்த இடம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்து: இரவு முழுக்க விடுங்கள். வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் பெரட்டுக்குப் போகுமுன் பாருங்கள். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். எண்ணெய் மேலிருந்து வழிந்து, ஏதாவது ஒரு போல்ட்டின் முனைக்கு வந்து சொட்டும். ஈரத்தின் உச்சி எதுவோ அங்கேதான் ஊற்று. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்பக்கம் அடித்துக்கொண்டு போகும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஆறு: அப்படியும் தெரியவில்லை என்றால் மட்டும் இஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து, இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, சொன்னபோது மட்டும் கைப்பிடியை அசைக்கட்டும். மற்றவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, நீளமான கம்பு முனையில் கட்டிய பெட்டி அட்டையைக் குழாய் ஓரமாக நகர்த்தட்டும். ஓட்டை இருந்தால் அட்டை நனையும், கோடு விழும். உடம்பு விலகியே இருக்க வேண்டும், முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. இடம் தெரிந்தவுடன் இஞ்சினை அணைத்து, முதலில் சொன்னபடி அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும்.

பெட்டி அட்டை கடையில் சும்மா கிடைக்கும். விரலுக்குப் பதில் அட்டை நனையட்டும்.

எங்கே அதிகம் ஒழுகும்?

ரப்பர் குழாய் ஒன்றோடொன்று உரசும் இடம், கூர்மையாக வளையும் இடம், இரும்பு முனையோடு சேரும் இடம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வெளி ரப்பர் வெடித்து உள்ளிருக்கும் கம்பி வலை தெரிந்தால், குழாய் கொப்பளித்திருந்தால், இன்னும் ஒழுகாவிட்டாலும் அதை மாற்ற வேண்டியதுதான். மட்டையும் குலை முள்ளும் கிராப்பர் குழாயைக் கீறும். உரம் ஏற்றும் வண்டியில் உரத்தூள் படிந்து இரும்பு முனைகள் துருப்பிடிக்கும்.

அடுத்தது சிலிண்டர். பளபளப்பான தண்டைத் துடைத்துவிட்டு ஒருமுறை வெளியே வரவிடுங்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. வளையமாக எண்ணெய் தேங்கிச் சொட்டினால் சீல் போய்விட்டது. தண்டில் கீறல் இருந்தால் புது சீல் போட்டாலும் சீக்கிரம் கிழியும்.

சொட்டே விழாத கசிவும் உண்டு

"எண்ணெய் குறையல, கீழயும் ஒழுகல, ஆனா தூக்கின பெட்டி தானா இறங்குது" என்று டிரைவர்கள் சொல்வதுண்டு. இது உட்கசிவு. சிலிண்டருக்குள் இருக்கும் சீல் அல்லது வால்வு தேய்ந்து, எண்ணெய் உள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவுகிறது. பெட்டியைத் தூக்கி, இஞ்சினை அணைத்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று தள்ளி நின்று அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வண்டிக்கு எவ்வளவு இறங்கலாம் என்பதைப் பட்டறைக்காரர் கையேட்டைப் பார்த்துச் சொல்வார்.

பம்ப் ஊளையிட்டு, எண்ணெய் நுரைத்து, கிராப்பர் தள்ளாடினால் பம்புக்கு எண்ணெய் இழுக்கும் பக்கத்துக் குழாயைப் பாருங்கள். அங்கே ஓட்டை இருந்தால் வண்டி ஓடும்போது எண்ணெய் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும்.

தூக்கிய பெட்டிக்கோ கிராப்பருக்கோ அடியில் தலையை விடாதீர்கள். ஹைட்ராலிக்கை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. குழாய் வெடித்தால் பெட்டி ஒரு நொடியில் கீழே வந்துவிடும். அடியில் வேலை இருந்தால் பெட்டிக்கு உரிய இரும்புத் தாங்கியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மரக்கட்டையும் செங்கல்லும் போதாது.

செய்யக் கூடாத வைத்தியம்

அழுத்தம் இருக்கும்போது நட்டை முறுக்கக் கூடாது. நட் ஒழுகுகிறது என்று பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் ஓ-ரிங் நசுங்கி இன்னும் அதிகம் ஒழுகும். ஓட்டைக் குழாய்க்கு டேப் சுற்றுவதும், டயர் டியூபைக் கிழித்துக் கட்டுவதும் 2,000 பவுண்டு அழுத்தத்துக்கு முன்னால் நிற்காது. சாதாரணத் தண்ணீர்க் குழாய்க் கிளிப் போட்டு ஒட்டுப்போடுவதும் அதே கதைதான். குழாயை மாற்றுங்கள், அதே அழுத்தத்துக்கு உரிய குழாயை, பட்டறையில் அழுத்தி முனை போட்டு வாங்குங்கள்.

கிரீஸ் கன்னையும் மறக்க வேண்டாம். கையால் அடிக்கும் கிரீஸ் கன்னிலும் ஆயிரக்கணக்கான பவுண்டு அழுத்தம் உண்டு. முனையில் விரலை வைத்து வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

கையில் பாய்ந்துவிட்டால்

புள்ளி சிறிதாக இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், இது அவசர அறுவைக்குரிய காயம். முதல் 6 மணி நேரத்துக்குள் அறுவை டாக்டர் பார்த்துவிட வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

செய்ய வேண்டியவை இவை. வண்டியை அணையுங்கள். மணியைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், கயிறு எல்லாவற்றையும் வீங்குமுன் கழற்றுங்கள். காயத்தைச் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். எண்ணெய் டின்னின் பெயரை எழுதியோ போனில் படம் பிடித்தோ எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை நடக்கலாம் என்பதால் சாப்பாடும் டீயும் வேண்டாம்.

செய்யக் கூடாதவை இவை. எண்ணெயைப் பிதுக்கி எடுக்கப் பார்க்காதீர்கள். உருவிவிடாதீர்கள். பிளேடால் கீறாதீர்கள். மணிக்கட்டில் கயிறு கட்டாதீர்கள். ஐஸ் வைக்காதீர்கள், ஏற்கெனவே குறைந்த ரத்த ஓட்டம் இன்னும் குறையும். மஞ்சளும் தைலமும் இதற்கு மருந்தல்ல.

தோட்டக் கிளினிக்கில் ஒரு ஊசியும் நாலு மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. அறுவை டாக்டர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். வண்டி இல்லை என்றால் 999-க்குப் போன் செய்யுங்கள். பாதிக்கப்பட்டவர் தாமே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போக வேண்டாம்.

அவசரப் பிரிவில் வரிசையில் உட்காரவைத்து, "சின்னக் காயம்தானே" என்று சொல்லக்கூடும். அப்போது மலாயில் இப்படிச் சொல்லுங்கள்: "மிஞாக் ஹிட்ராலிக், தெக்கானான் திங்கி, சுடா மாசோக் பாவா கூலிட். சாயா பெர்லு ஜும்பா டொக்டர் பக்கார் பெடா." அதாவது, உயர் அழுத்த ஹைட்ராலிக் எண்ணெய் தோலுக்கு அடியில் போய்விட்டது, அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று பொருள். இந்த வாசகத்தை ஒரு சீட்டில் எழுதி டிரைவர் பையில் வையுங்கள். நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

எண்ணெய் கண்ணில் தெறித்தால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவி, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண்ணைக் கசக்காதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

தாய்மார்களே, இந்தக் காயம் பல வேளை உங்கள் கண்ணில்தான் முதலில் படும். பகலில் வேலைக்காட்டில் "ஒண்ணுமில்ல" என்றவர், இரவு சாப்பிட உட்காரும்போது விரலை மடக்க முடியாமல் தவிப்பார். "என்னாங்க, வெரலு ஏன் வீங்கியிருக்கு? இன்னிக்கி டிராக்டர்ல எண்ணெய் ஏதும் அடிச்சுதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் கிளம்புங்கள். நேரம் தாண்டிவிட்டதே என்று விட்டுவிடவும் கூடாது. தாமதமாகப் போவது போகாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல். பிள்ளைகள் ஓடும் டிராக்டருக்கு அருகில் வேடிக்கை பார்க்க நிற்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உரிமை

"நாளைக்குப் பாக்கலாம், இன்னிக்கி குலைய ஏத்திடு" என்று மேலே இருப்பவர் சொல்லலாம். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்கவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள அந்தத் திருத்தம் உரிமை தருகிறது. பீறிடும் குழாயோடு வண்டி ஓட்டச் சொன்னால், முதலில் மண்டோரிடமோ மேற்பார்வையாளரிடமோ தெரிவியுங்கள், சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்.

அடிபட்டால் அன்றே ஆபீசில் பதியச் சொல்லுங்கள். விபத்தைப் பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். டாக்டர் 4 நாளுக்குக் குறையாமல் விடுப்பு கொடுத்தால், தற்காலிக முடச் சலுகையாகச் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 ஜனவரி 1 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. "சின்னப் புள்ளிதானே, எதுக்கு எழுதணும்" என்று பதியாமல் விட்டால், பின்னால் விரல் போன பிறகு நிரூபிப்பது சிரமம்.

வெட்டி எடுத்து ஸ்டோரில் ஒட்டிவைக்க

1. கசிவைக் கையால் தேடாதே. கம்பில் கட்டிய அட்டையால் தேடு.
2. கிட்டே போகுமுன்: இறக்கு, அணை, சாவியை எடு, கைப்பிடியை அசைத்து அழுத்தத்தை இறக்கு.
3. தூக்கிய பெட்டிக்கு அடியில் தாங்கி இல்லாமல் போகாதே.
4. கொப்பளித்த குழாயைக் கட்டுப்போடாதே. மாற்று.
5. ஊசிப் புள்ளி காயமானாலும், வலிக்காவிட்டாலும், உடனே பெரிய ஆஸ்பத்திரி.
6. பிதுக்காதே, கட்டாதே, ஐஸ் வைக்காதே, சாப்பிடாதே.
7. நேரத்தையும் எண்ணெயின் பெயரையும் எழுதி எடுத்துப் போ. ஆபீசில் பதி.

தோழர்களே, ஒரு ரப்பர் குழாய் போனால் ஸ்டோரில் வேறு குழாய் வாங்கலாம். விரல் எந்த ஸ்டோரிலும் கிடைக்காது. நாளைக் காலைப் பெரட்டில் உங்கள் பக்கத்தில் நிற்கும் டிரைவருக்கு இதைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போங்கள்.